ஓரத்தில் எழுதியது

கட்டில் நித்திரைக்கு மட்டும் என்றார் நுஸ்ரத் மிஸ்.
சோறு தின்ன, போன் பார்க்க,
அவர்களோடு வாதாட அல்ல.
ஒரு மணிக்கு முன் சாயக் கூடாது.
வராவிட்டால் எழும்பிப் போங்க.

எழும்பினேன்.
வெள்ளவத்தையில் கடைசி ரயிலும் போய்விட்டிருந்தது.
பிளாஸ்டிக் கதிரையில் குந்தி
பருப்பில் கல் பொறுக்கினேன்.
அவர்களும் வந்தார்கள்.
“கறுப்புக் கல்லை விட்டுட்டாய்” என்றான் தடித்த குரல்காரன்.
சரிதான், விட்டிருந்தேன்.
மிஸ் தந்த தாளில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
2.10, மூன்று பேர், ஒரு கல்.

பதினெட்டாம் நாள்
அலாரம் ஆறுக்கு அடித்தபோது
கடல் வெளிச்சமாய்க் கிடந்தது,
தாளின் ஓரம் வெறுமை.
போய்விட்டார்களா? இல்லை.
பல் தீட்டும்போது தடித்தவன் கேட்டான்,
கொஞ்சம் பயந்த குரலில்:
“இரா முழுக்க எங்கையடா போயிருந்தனீ?”