மற்றவை

யீஷூனில் எங்கள் அலுவலகம்.
ஏழாம் முகப்பு என்னுடையது.
வருகிறவர்களின் முகத்துக்கு முன்
கையைத்தான் பார்ப்பேன்:
மடித்து மடித்து நைந்த மின்கட்டண பில்,
மருந்தகச் சீட்டு,
பேனாவை வாங்கத் தயங்கும் விரல்.

நாற்பத்தாறாம் எண்
ஓர் அங்பாவ் உறையோடு வந்தது.
வங்கியில் சும்மா கொடுக்கும் சிவப்பு உறை,
டிராகன் போட்டது.
கவிந்திரன். வயது இருபத்திரண்டு.
தேசிய சேவை முடித்து, வேலையில்லாமல்,
மார்ச்சிலிருந்து மூன்று மாத உதவி,
மாதம் நானூற்று எண்பது வெள்ளி.

"ஏப்ரல் பதினொண்ணு துவாஸ்ல வேலை கெடச்சிருச்சு, சிஸ்டர்.
இது மிச்சம்."

ஐம்பது வெள்ளித் தாள் பதினாறு.
ஏப்ரலில் பத்து நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டானாம்.
உறையின் முதுகில்
பென்சிலில் வகுத்திருந்தான்.

திரையில் தேடினேன்.
கொடுத்ததை நாங்கள் திரும்பக் கேட்கப்
பாரம் இருக்கிறது.
காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:
வருமானத்தை மறைத்தவர்.
தவறான தகவல் அளித்தவர்.
நிபந்தனையை மீறியவர்.
எந்தக் குற்றமும் செய்யாதவனிடம்
பணம் வாங்க
எங்களுக்கு வழியில்லை.

தொடக்கக் கல்லூரியில் நான் விவாத அணித் தலைவி.
'உதவித்தொகை இளையரின் முதுகெலும்பை முறிக்கும்.'
ஒட்டிப் பேசி வென்றேன்.
'தாங்கிப் பிடித்தே பழக்கினால்
நடக்கும் கால் மறந்துபோகும்' என்றேன்.
நடுவர் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.
அன்று உடுத்திருந்த சீருடை,
பேருந்து அட்டையில் இருந்த காசு,
மேடையேறுமுன் தின்ற மீ கோரெங்
எல்லாமே உதவித்தொகை.
அணியில் யாருக்கும் தெரியாது.
கோப்பை இன்னும் ஐஸ்பெட்டி மேல் இருக்கிறது,
அம்மா அதில் சாவியைப் போடுகிறார்.

"வச்சுக்கோங்களேன்" என்றேன் மெதுவாக,
காமிரா இருக்கிற இடத்தில்
சொல்லக் கூடாததை.
"அம்மாவுக்கு டயாலிசிஸ்னு போட்டிருக்கு."
"அவங்களும் அதத்தான் சொல்றாங்க.
காலையிலேருந்து ஏசுறாங்க.
அரசாங்கத்துக்கு இல்லாத காசாங்கறாங்க."
சிரித்தான்.
ராத்திரி ஷிஃப்ட் கண்ணில் சிவந்திருந்தது.

நேர்மை, நன்றி, நாடு
என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை.
நாற்காலியை முன்னால் இழுத்தான்.
"கம்பெனில ஆள் குறைக்கப் போறதா பேச்சு.
வேலை போச்சுன்னா
திரும்ப வரலாம்ல?
அதக் கேக்கத்தான் வந்தேன்.
கடன வச்சிட்டு எப்படி வந்து கேக்கறது."

வரலாம் என்றேன்.
அப்படி வாக்குக் கொடுக்க
ஏழாம் முகப்புக்கு அதிகாரமில்லை.
வரலாம் என்று
இன்னொரு தடவையும் சொன்னேன்.

பட்டியலின் அடியில் 'மற்றவை' இருந்தது.
அறுபது எழுத்துக்கு இடம்.
'வேலை கிடைத்தது' என்று தட்டினேன்.
மிச்ச இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
மேற்பார்வையாளர் நூர்ஹாயத்தி எட்டிப் பார்த்து
இது திரும்பி வரும், விளக்கம் கேட்பார்கள் என்றார்.
கேட்கட்டும்.

ரசீதை வாங்கியவன் போகவில்லை.
"அந்த உறை வேணும், சிஸ்டர்.
தீபாவளிக்கு ஆகும்."
தாள்களை உருவிவிட்டுக் கொடுத்தேன்.
பென்சில் கணக்கைக்
கட்டை விரலால் அழித்துக்கொண்டே போனான்.

நாற்பத்தேழு.