வயது: தெரியவில்லை

செவ்வாயும் வியாழனும் கூட்டுறவு வங்கியில்
தங்கம் உரசிப் பார்ப்பது என் வேலை.
மற்ற நாட்களில் அம்பாசமுத்திரத்து மாடியறையில்
கண்ணில் லென்ஸைக் கவ்விக்கொண்டு
கோலிக்குண்டுக்கு வயது சொல்கிறேன்.
சிரிக்கலாம்.
சென்னையிலும் புனேயிலும் இதற்குக் காசு தருகிறார்கள்.

மரியசிலுவை வந்தார்.
வாகைக்குளத்துப் பட்டறையில் பாத்திரத்துக்கு மெருகு போடுகிறவர்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு மசி.
பவுடர் டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினார்.
முப்பத்தோரு குண்டு.
ஒன்று உருண்டுபோய் ஸ்டெப்ளருக்கு அடியில் நின்றது.

"மில் துரை பங்களாவ இடிக்கும்போது
சாக்கடைக்குள்ள கெடந்துது அக்கா.
வெள்ளக்காரப் பிள்ளைக வெளாண்டது.
நூத்தம்பது வருசம் இருக்கும்லா?"

எங்கள் ஊரில் "இருக்கும்லா" கேள்வியில்லை.
தலையாட்டு என்று அர்த்தம்.

ஆட்டவில்லை.
உள்ளே மூன்று இதழ் விறைத்து நிற்கிறதே, அது பூனைக்கண்.
துரை கப்பலேறிப் போனபிறகு பிறந்தது.
பதினெட்டைத் தள்ளி வைத்தேன்.
வெளிறிய பச்சை, கடுகளவு குமிழி, இடுப்பில் தேய்ந்த வளையம்:
இது ஒருநாளும் விளையாடியதில்லை,
சோடா பாட்டில் கழுத்தில் காவல் நின்றது. ஏழு.
நாலு குண்டில் நிறம் சீராகச் சுருண்டிருந்தது,
வடு எங்கேயும் இல்லை.
இரண்டு உருளைக்கு நடுவே புரண்டு புரண்டு உருண்டையானவை.
இயந்திரம் பெற்ற பிள்ளைக்குத் தொப்புள் கிடையாது.
ஒன்று கண்ணாடியே இல்லை, சுட்ட களிமண்.

மிச்சம், ஸ்டெப்ளருக்கு அடியில் போனது.

நடுவே வெள்ளை நூல்வலை,
இடியாப்பத்தைப் பிழிந்த கையோடு ஒரு முறுக்கு முறுக்கியதுபோல.
சுற்றி நீலமும் செங்கல் சிவப்பும்
ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்குத் திருகிப் போகிற நாடாக்கள்.
கைவேலை.
குளிர்தேசத்தில் எவனோ ஒருவன்
கோலாக இழுத்த கண்ணாடியைச் சூடு ஆறும் முன்னால்
கத்தரித்திருக்கிறான்.
கத்தரித்த இடம் தழும்பாக நிற்கும்.
மேலே ஒன்று, கீழே ஒன்று.
முரடா, தேய்த்ததா, நெருப்பில் ஆற்றியதா,
அதை வைத்துப் பத்து இருபது வருடத்துக்குள் சொல்லிவிடலாம்.

நாடாக்கள் போய்ச்சேரும் இடத்துக்குத் திருப்பினேன்.
வழுவழு.
மறுபக்கமும் வழுவழு.
இன்னொரு குண்டு மோதிய பிறைத்தடம் ஒன்றுகூட இல்லை.
நூறு வருடம் சாக்கடையில் கிடந்தது
நேற்றுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

"என்ன பண்ணுனீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணும் பண்ணலியே.
நல்லதா ஒண்ண எடுத்து ராத்திரி வீல்ல பிடிச்சேன்.
ரெண்டு பக்கமும் சொரசொரன்னு ஒரு வடு, அசிங்கமா.
எமரியில அத எடுத்துட்டு
துணி வீல்ல ரெண்டு சுத்து.
பாருங்க, எப்பிடி மின்னுது!"

மின்னியது. அதில் பொய்யில்லை.
ஜன்னல், மின்விசிறி, தெருவில் போன ஆட்டோ
எல்லாம் அதற்குள் தலைகீழாக.

தழும்போடு வந்திருந்தால் என்ன விலை என்று
அவரிடம் சொல்லவில்லை.
உங்களிடமும் சொல்வதாக இல்லை.

சீட்டு வேண்டும் என்றார். எழுதினேன்.
கைவேலை. நூல்வலை உள்ளீடு. பதினெட்டு மில்லிமீட்டர்.
வயது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
நேற்று ராத்திரிவரை இருந்தது என்று
சீட்டில் எழுத முடியுமா?
தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மடித்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.
வாசித்தாரா, பார்க்கவில்லை.
கூலி வேண்டாம் என்றேன், கேட்கிற ஆள் இல்லை.
"இது ஒங்களுக்கு" என்று களிமண் குண்டை வைத்துவிட்டு
பட்டறைக்கு நேரமாச்சு என்று படியிறங்கினார்.

கரண்ட் பில்லுக்கு மேல் வைத்திருக்கிறேன்.
ஒரு பக்கம் தட்டை.
ஃபேன் போட்டாலும் உருளாது.