முன்னூற்றைம்பது எழுத்துக்குள்

மூலக்கடையில் டயர்க்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம்.
நாலு பேர். ஒரு ஏசி,
அதுவும் சர்வருக்கு.
காலையில் நான் முதலில் திறப்பது
ஜன்னலை அல்ல,
மணலிக் காற்று அடிக்கும் நாளில் அதை யாரும் தொடுவதில்லை.
ஒற்றை நட்சத்திரங்களைத் திறப்பேன்.

"ஆப்பா இது? ஆப்பு."
நன்றி ஐயா. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.

"கொருக்குப்பேட்டை மொட்டமாடில நின்னா
மேப்பு மொத்தமும் செவப்பு.
ஆர்பர் செவப்பு, ஆயில் கம்பெனி செவப்பு,
என் வூட்டு தண்ணித்தொட்டி கூட செவப்பு.
எங்கதாம்பா பறக்க வுடுறது?"
வரைபடத்துக்குச் சாயம் பூசுவது நாங்கள் அல்ல என்று
எழுதி, அழித்து,
புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னேன்.
புதிய பதிப்பிலும் சிவப்புதான்.
கொஞ்சம் வெளிர்.

பதில் பெட்டியில் முன்னூற்றைம்பது எழுத்துக்குத்தான் இடம்.
தமிழில் வருத்தப்பட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
மன்னிக்கவும் என்பது ஏழெழுத்து;
பெட்டி பன்னிரண்டு என்கிறது.
ஒவ்வொரு புள்ளிக்கும், ஒவ்வொரு சுழிக்கும்
தனியாகக் காசு வாங்குகிற பெட்டி.

நேற்று ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு,
காசிமேட்டிலிருந்து படவேட்டான்:
"புதுப் படகு வெள்ளோட்டம். வீடியோ ஆர்டரு.
பக்கத்துப் படகுலேர்ந்து ஏத்தி வுட்டேன், சோக்கா எடுத்துச்சு.
வூட்டுக்குத் திரும்புன்னு ஒரு பட்டன் வச்சிருக்கீங்களே,
அத அமுக்குனேன்.
என் தலைக்கு மேலயே தாண்டிப் போயி
தண்ணில ஒக்காந்துச்சு.
இன்னும் மூணு தவண பாக்கி."

ஷமீலா பதிவுகளை எடுத்துப் பார்த்தாள்.
தப்பே இல்லை, என்றாள்.
கிளம்பிய புள்ளியைத்தான் அது வீடு என்று குறித்துக்கொள்ளும்.
அங்கேதான் போயிருக்கிறது,
ஒரு முழம் பிசகாமல்,
மெதுவாக, விளக்கை அணைத்து அணைத்து எரித்தபடி.
படகுதான் அதற்குள்
நானூறு மீட்டர் வடக்கே போய்விட்டிருந்தது.

"செயலி வடிவமைத்தபடியே இயங்குகிறது."
இது பொன்ரங்கம் சார் ஒப்புதல் தந்த வாக்கியம்.
எடுத்து ஒட்டினால் போதும். ஒட்டினேன்.
கீழே கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்தது,
டீக் கிளாஸ் நடுங்கியது,
கர்சர் அந்த முற்றுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே நின்றது.

அழித்துவிட்டு எழுதினேன்:
ஐயா, தப்பு எங்களுடையது.
வீடு நகரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
நாங்கள் நாலு பேரும்
தரையில் நின்றுதான் சோதித்தோம்.
அடுத்த பதிப்பில் அது உங்கள் கையில் இருக்கும் ரிமோட்டைத் தேடி வரும்.

பெட்டி சிவந்தது. இருபத்தாறு எழுத்து அதிகம்.
எதை எடுப்பது?
தலைப்பில் எப்போதும் தானாக வந்து உட்காரும்
"சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதை எடுத்தேன்.
கச்சிதமாகப் போதுமாயிருந்தது.

"தப்புன்னு எழுத்துல குடுத்துட்டியா?" என்றார் பொன்ரங்கம் சார்,
அதற்குள் அனுப்பியாகிவிட்டது.

சாயங்காலம் படவேட்டான் திருத்தியிருந்தார்.
இப்போது இரண்டு நட்சத்திரம்.
"பதில் வந்துச்சு. ட்ரோன் வரல.
அந்தப் பக்கமா போற படகுங்க கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.
அந்த மூணு தவண நீங்க கட்றீங்களா?"

இதற்கு ஒப்புதல் பெற்ற வாக்கியம் எங்களிடம் இல்லை.
அடுத்ததைத் திறந்தேன்.
ஐந்து நட்சத்திரம். யாரோ திருவொற்றியூர்க்காரர்.
"ம்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பெட்டி அதையும் இரண்டாகவே எண்ணியிருக்கும்.