ஐந்து விசில்

நாயுடுபுரத்தில் காலையிலிருந்து மழை.
ஆட்டிப் பார்த்தால் சிலிண்டர் லேசாக இருக்கிறது.
எல்லாம் ஒரே குக்கரில்:
தோலோடு தட்டிய பூம்பாறைப் பூண்டு,
தக்காளி, பட்டை, சீரகச்சம்பா.
மிளகாய்த்தூள் மட்டும்
கோபத்தில் இருந்த கை போட்டது.

பெனிட்டா அப்பாவோடு பேசிப்
பதினொரு நாளாகிறது.
அவர் கேட்பதை என்னிடம் கேட்கிறார்.
அவள் சொல்வதை என்னிடம் சொல்கிறாள்.
நான் என்ன, டெலிபோன் கம்பமா?

மலையேறி வந்த அரிசி
மூன்று விசிலுக்கு மசியாது.
ஐந்து விட்டேன்.
ஜன்னலுக்கு உள்ளே ஆவி, வெளியே மேகம்.

முதல் கவளத்தில்
அவருக்கு வழுக்கை வேர்த்தது,
அவளுக்கு மூக்கு ஒழுகியது.
சொம்பு அவர் பக்கம்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் குக்கரின் அடியைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ப்பா... தண்ணி."

அவர் குடித்த மிச்சம்தான் இருந்தது.
குடித்தாள்.