அரைப் பாயிண்ட்

கிழங்கு லோடுக்கு விலை வைப்பது இப்படித்தான்:
ஐந்து கிலோவை எடுத்துக்
கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும்.
நீருக்குள் எவ்வளவு கனக்கிறதோ
அவ்வளவு மாவு.
இருபத்தெட்டு பாயிண்ட் என்றால்
கொண்டுவந்தவர் எல்லாருக்கும் டீ சொல்வார்.
இருபத்திரண்டு என்றால்
வானத்தைத் திட்டுவார்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையில்
எடைமேடைக்குப் பக்கத்துத் தகர அறை எனது.
மூன்று வருடம்.
மாவு படிந்த கால்குலேட்டர்,
மாவு படிந்த கேட் தேர்வுப் புத்தகம்,
ஞாயிற்றுக்கிழமையும் துப்பட்டாவை விட்டுப் போகாத
புளித்த கிழங்குத் தண்ணீர் வாடை.

என் பாயிண்ட் ஐந்து புள்ளி ஒன்பது ஒன்று.
பதினோரு அரியர்.
தெர்மோடைனமிக்ஸை மூன்று முறை எழுதினேன்,
நான்காம் முறை அதுவே சலித்து என்னை விட்டுவிட்டது.
அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம்.
அப்பா நன்றாகத்தான் இருந்தார்.
காலேஜுக்கென்று கிளம்பி
ஏற்காடு பஸ்ஸில் ஏறி
இருபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவேன்,
ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்பேன்,
அதே வளைவுகளைத் தலைகீழாக எண்ணியபடி இறங்குவேன்.
அந்த வருடங்களில்
நான் பிழையில்லாமல் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

பெங்களூரில், குளிர்ந்த அறையில், மூன்று பேர்.
முதல் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்விதான்.
கண்ணாடி முன் ஒரு மாதம்
ஒத்திகை பார்த்த பதிலும் கைவசம் இருந்தது.
வாயைத் திறந்தேன்.
படிக்கவில்லை, என்றேன்.
ஆங்கிலத்தில் அது இன்னும் மொட்டையாகக் கேட்டது.

நடுவில் இருந்த அம்மாள்
ஆலையைப் பற்றிக் கேட்டார்.
தராசைச் சொன்னேன்.
அதன் முள் அரைப் பாயிண்ட் குறைத்துக் காட்டுவதைக்
கண்டுபிடித்ததைச் சொன்னேன்.
ஒரே கிழங்கை நாற்பது தடவை முக்கிப் பார்த்தது,
அரையை டன்னால் பெருக்கியது,
சீசனுக்குப் பத்தொன்பது லட்சம்.
அதுவரை பெருமையாகத்தான் இருந்தது.

முதலாளியிடம் சொன்னீர்களா, கோகிலவாணி?
சொன்னேன்.
அவர்?
இருக்கட்டும் என்றார்.
நீங்கள்?

ஏசியின் சத்தம் மட்டும்.
விடிகாலை லாரியில் வந்து
கையெழுத்துப் போட
என்னிடம் பேனா கேட்டு நிற்கும்
வாழப்பாடி மாதையனின் விரல்கள்.

நாலு மாதம்
நானும் இருக்கட்டும் என்று இருந்தேன்.
அப்புறம் ஒரு ராத்திரி
முள்ளை நானே சரி செய்தேன்.

முதலாளிக்குத் தெரியுமா?

இன்னும் தெரியாது.

ஓரத்தில் இருந்தவர் எதையோ எழுதினார்.
வெகுநேரம் எழுதினார்.

தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதுதான்
சரியான பதில் வந்து சேர்ந்தது:
அறுவடைக்கு முன் மழை பிடித்தால்
பாயிண்ட் விழும் ஐயா,
கிழங்கு அதே கிழங்குதான்.
அழகான பதில்.
பொய்யும்கூட.
என் மேல் எந்த மழையும் பெய்யவில்லை.

ஏப்ரல் கடைசியில் மெயில் வந்தபோது
மேடையில் லாரி நின்றது.
இடம் உண்டு என்று இருந்தது.
எந்தப் பதிலுக்காக என்று இல்லை.
மேலே ஏறி இறங்கி இரண்டு முறை தேடினேன்.

"எவ்வளவு கண்ணு?"
ஜன்னலில் மாதையன்.
"இருபத்தாறரைங்க."
ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"போன வருசத்துக்கு
இப்ப மண்ணு தேவல."

ஆமாங்க, என்று சொல்லி
பேனாவை நீட்டினேன்.
அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை,
எழுத்து எழுத்தாக,
காத்திருந்தேன்.