படிவம் ஏழு

அஞ்செட்டிக்கு மேலே, பதினான்காம் கட்டம்.
பத்து மீட்டருக்குப் பத்து,
மஞ்சள் கயிறு கட்டிய காடு.

தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டரில்
நாடாவைச் சுற்ற வேண்டும்.
மார்பளவு உயரம் என்று பெயர்.
எனக்குத் தோளில் வருகிறது.
யாருடைய மார்பு என்று
வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

துரிஞ்சில், நாற்பத்தொன்று.
துரிஞ்சில், முப்பத்தெட்டு.
வெக்காலி, உச்சி முறிந்தது, யானை.
நெல்லி.
பிறகு உண்ணிச்செடி, உண்ணிச்செடி,
எண்ணுவதை விட்டுச்
சதவீதமாகப் போட்டேன்.

கயிற்றடியில் குனிந்து உள்ளே வந்தாள் மாதம்மா,
சுமை சாயாமல்.
"இந்தக் கட்டு எத்தன கிலோன்னு
உன் நோட்டுல வருமா?"
பாதி கன்னடம்.
உலர் எடைக்குச் சமன்பாடு இருக்கிறது,
நிற்கிற மரத்துக்கு.
"இருபத்திரண்டு" என்றாள் அவளே,
கழுத்தைத் தடவிக்கொண்டு.
என் பாட்டில் காலியாகியிருந்தது.
அவளுடையதில் பாதி தந்தாள்.

இரவு, தேன்கனிக்கோட்டை அறையில்,
படிவத்தின் கடைசி வரி:
மனிதத் தொந்தரவு, உண்டு அல்லது இல்லை.
வகை குறிப்பிடவும்.

உண்டு.
நான்கு மூலையிலும் இரும்பு முளை.
பதினேழு மரங்களில் ஆணி, தகரம், சிவப்புப் பெயின்ட்.
மிதிபட்ட நாற்று மூன்று,
ஒன்று சந்தனம்.
காலை எட்டு முதல் ஒன்றரை வரை
பூட்ஸ் அணிந்த ஒரு மாணவி.

மாதம்மாவை எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.
ஓரத்தில் பென்சிலால்
இருபத்திரண்டு என்று மட்டும் குறித்தேன்,
கிலோ போடாமல்.
பேராசிரியர் அதை
இன்னொரு மரமென்று நினைத்துக்கொள்ளலாம்.