பேரும் ஊரும்

அறுநூறு லிட்டர் கொள்ளும் மீன்தொட்டி.
சாம்பல் நிறம், இரட்டைச் சுவர்.
ஒன்றைப் போலவே இன்னொன்று,
முப்பத்தோராயிரம்.
ஈசாஃப்யூர்தர் துறைமுகத்தில்
ஈரக் கான்கிரீட்டின்மேல் அடுக்கி வைத்தால்
பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

வாடகைக்கு விடுகிற கம்பெனி எங்களுடையது.
படகுக்குப் போகும், ஏலக்கூடத்துக்குப் போகும்,
கப்பலேறி கிரிம்ஸ்பிக்குப் போகும்,
காட் மீனைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரும்.
வரவேண்டும்.
வருஷத்துக்கு அறுநூறு வருவதில்லை.

முதலில் பேர் வைத்தோம்.
சுவருக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு.
வாசலில் நிற்கும் ஆன்டெனா கேட்டால்
தொட்டி தன் எண்ணைச் சொல்லும்.
வாசலைத் தாண்டினால் ஊமை.
கடைசியாக எந்த வாசலில் பேசியது,
அதோடு சரி,
விவாகரத்தானவரைப் பற்றித்
தெரிந்திருப்பது போல.

பிறகு ஊர் கேட்டோம்.
செயற்கைக்கோள்களைப் பார்த்து
நிற்கும் இடத்தைக் கணக்குப் போடும் பெட்டி,
தீப்பெட்டி அளவு, உள்ளே ஒரு வெப்பமானியும்.
விலை அதிகம், நூற்றில் ஒரு தொட்டிக்குத்தான் கட்டுப்படியானது.
எங்கே என்று அதற்குத் தெரியும்.
யார் என்று தெரியாது.

இரண்டையும் ஒரே வரியில் கோத்தவள் ஹால்பெரா.
இரண்டு குளிர்காலம், தூக்கம் கெட்டு,
கண்ணுக்குக் கீழே பை தொங்க.
கிரிம்ஸ்பியில் ஒரு கிடங்கின் பின்புறம்
நூற்றுப் பன்னிரண்டு தொட்டிகள்
மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன.
ஒன்பதில் உருளைக்கிழங்கு.
ஒன்றில் நாய் குட்டி போட்டிருந்தது,
அதை விட்டுவிட்டு வந்தோம்.
அந்த வருஷம் புதுத்தொட்டி வாங்கவே இல்லை.
முதலாளி முதல்முறையாகக் கேக் வாங்கினார்.

ஃபோர்க்லிஃப்டிலும் ஒரு ஆன்டெனா மாட்டினோம்.
தொட்டிகளோடு சேர்த்து அது
யாரோமிர் எத்தனை நிமிஷம்
சிகரெட்டோடு சுவரோரம் நின்றான் என்பதையும்
எழுதிவைத்தது.
ஹால்பெரா பார்த்தாள்.
அந்தப் பத்தியையே அழித்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி திரை சிவந்தது.
தொட்டி 20417.
இருக்கவேண்டியது ஒரு டிகிரி.
இருந்தது முப்பத்தெட்டு புள்ளி ஆறு.
இடம்: துறைமுகமே இல்லாத ஒரு ஃபியோர்டின் முனை.
"மீன் வெந்தே போயிருக்கும்," என்றேன்.
இருட்டில் இரண்டு மணிநேரம் ஓட்டினோம்.
பனி கண்ணாடியில் வந்து மோதிக்கொண்டே இருந்தது.

ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்
வெந்நீரூற்றிலிருந்து ஒரு குழாய்.
குழாய் முடியும் இடத்தில் எங்கள் தொட்டி.
தொட்டிக்கு மேலே கம்பளித் தொப்பி,
தொப்பிக்குக் கீழே ஒரு முகம்.
ஸ்டெய்ன்வோர், அந்த வட்டாரத்து மருத்துவச்சி.
முப்பது மணிநேரம் ஒரு பிரசவம்,
பிள்ளை தலைகீழாய் இருந்ததாம்.
"அக்டோபர் புயலில் கரை ஒதுங்கியது," என்றாள்,
"யாராவது தேடி வருவார்கள் என்று பார்த்தேன்.
மூன்று மாசம் கழித்து வருகிறீர்கள்."

ஹால்பெராவின் கையில் வாடகை ரசீது.
பனி விழுந்து மை கரைந்தது.
"இடம் இருக்கிறது," என்றாள் ஸ்டெய்ன்வோர்,
கொஞ்சம் நகர்ந்து.

மறுநாள் கணினி கேட்டது:
சரக்கு என்ன? எத்தனை?
பட்டியலில் காட், ஹாடக், நண்டு.
ஹால்பெரா தட்டினாள்:
மூன்று. உயிருடன்.

அதன்பிறகு
திரை எப்போது சிவந்தாலும்
யாரோமிர் கூப்பிடுவான்,
"அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க!"
எங்கேயோ ஒரு பிள்ளை பிறந்துவிட்டது என்று
காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவோம்.
நன்றாகத்தான் இருந்தது.
பத்து நாள் திரை சிவக்காதபோது
அவளுக்கு என்ன ஆயிற்று என்று
நாங்களே பேசிக்கொண்டோம்.
யாரும் எங்களைக் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.

மார்ச்சில் ஹால்பெரா மறுபடி போனாள்,
தனியாக, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு.
தீப்பெட்டியை நெம்பி எடுத்துவந்து
என் மேஜையில் வைத்தாள்.
அரிசி அளவுச் சில்லு சுவருக்குள் இருக்கிறது.
"பேர் இருக்கட்டும்," என்றாள்,
"ஊர் வேண்டாம்."

20417க்கு நேரே ஒரு கட்டம் காலி.
வாடகை ஒழுங்காக வருகிறது,
சில மாசம் பணமாக,
சில மாசம் புகைபோட்ட ஆட்டுத்தொடையாக.